கழற்றி எடுக்கும் கூரையுள்ள ஸ்போர்ட்ஸ் கார்: முதன்முறை ஓட்டுவோருக்கான வழிகாட்டி

முன் கண்ணாடியின் மேல் சட்டத்துக்கும் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் உறுதியான வளைவுக்கும் நடுவே, கையால் கழற்றக்கூடிய கெட்டியான பலகை ஒன்றைக் கூரையாகக் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் உங்கள் கைக்கு வந்திருந்தாலும், வாங்கலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தாலும், இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது. காரை ஓட்டக் கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் கூரையை எந்த வரிசையில் கழற்றுவது, கழற்றியதை எங்கே வைப்பது, காப்பீட்டு நிறுவனத்திடம் என்ன கேட்பது, எதற்குப் பணம் ஒதுக்கி வைப்பது என்பவற்றை ஓரிடத்தில் சொல்பவர் எவரும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் விசாரித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

அந்தப் பலகையைப் பணிமனைகளில் சொல்வதுபோலப் பேனல் என்றே இங்கு குறிப்பிடுகிறேன். அது ஒன்று முழுமையாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் முழுமையாகக் கழற்றப்பட்டு அதற்குரிய இடத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு தாழ்ப்பாள் மட்டும் விழுந்திருப்பது, இருக்கைக்குப் பின்னால் சும்மா சாய்த்து வைத்திருப்பது போன்ற இடைநிலைகள் எல்லாமே ஆபத்தானவை. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த இடைநிலையைத் தவிர்ப்பதற்கானவையே.

1. உங்கள் காரின் கூரை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கழற்றும் கூரை என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் அமைப்பு ஒன்றல்ல. சில கார்களில் ஒற்றைப் பேனல் கைப்பிடித் தாழ்ப்பாள்களால் பூட்டப்படுகிறது. 1997ஆம் ஆண்டு மாடல் முதல் வந்த செவர்லே கோர்வெட் கூபேக்களில் (இருகதவுக் கார்களில்) பெரும்பாலானவை இந்த வகை. 1984 மாடலாக அறிமுகமான நான்காம் தலைமுறைக் கோர்வெட்டிலும், கழற்றும் கூரையுடன் வந்த 1990களின் டொயோட்டா சுப்ராவிலும் பேனல் போல்ட்டுகளால் இறுக்கப்படுகிறது. அதற்கென்று காருடன் தரப்படும் ஸ்பேனர் இல்லாமல் அதைக் கழற்ற முடியாது. வேறு சிலவற்றில் நடுவே ஒரு நீள்கம்பி நின்று, அதன் இருபுறமும் இரண்டு கண்ணாடிப் பேனல்கள் இருக்கும். லோட்டஸ் எலிஸ் போன்றவற்றில் இருப்பது சுருட்டி வைக்கும் துணிக்கூரை. இன்றைய போர்ஷே 911 டார்கா, மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆர்எஃப் ஆகியவற்றில் மோட்டாரே கூரையை மடித்து உள்ளே வைத்துவிடும். கையால் கழற்றும் கெட்டியான பேனல்களுக்கே இக்கட்டுரை முழுமையாகப் பொருந்தும். மற்ற வகைகளுக்கு ஆறாம் படியும் ஒன்பதாம் படியும் உதவும்.

போல்ட் வகைக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. அவ்வகைக் கார்களில் பேனல் பெரும்பாலும் உடற்கூட்டின் விறைப்பிலும் பங்கேற்கிறது. எனவே போல்ட்டுகளைத் தளர்த்தி வைத்துவிட்டு, வீடு மிக அருகில்தானே என்று ஓட்டிச் செல்வது பேனலுக்கும் அது அமரும் சட்டத்துக்கும் ஒருசேரக் கேடு.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

பணம் கைமாறுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். முதலாவது, அந்த மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் உரிய கையேடு. தாழ்ப்பாள்களைத் திறக்கும் வரிசை, பேனலை வைக்கும் இடம், கூரையின்றிச் செல்லக்கூடிய வேக வரம்பு ஆகியவை அதில்தான் இருக்கும். அடுத்த தலைமுறைக் காரின் கையேடு உருவத்தில் ஒத்திருந்தாலும் பயன்படாது. இரண்டாவது, பதிவுச் சான்று. அதில் உள்ள சேஸிஸ் எண்ணும் காரில் பொறிக்கப்பட்ட எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அதே எண்ணைக் கொண்டு, கோளாறைச் சரிசெய்வதற்கான தயாரிப்பாளரின் திரும்ப அழைப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்றும் கேளுங்கள். இதைச் சடங்காக எண்ண வேண்டாம். 2005, 2006 மாடல் கோர்வெட்டுகளில் பெயின்ட் பூசிய கூரைப் பேனல் அதன் சட்டத்துடன் ஒட்டப்பட்டிருந்த பசை வலுவிழந்து பிரியக்கூடும் என்பதற்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் அவற்றைத் திரும்ப அழைத்தது. தாழ்ப்பாள்கள் சரியாகப் பூட்டியிருந்தாலும் மேல்தோல் மட்டும் பறந்துவிடக்கூடிய கோளாறு அது. பழைய காரை வாங்குகிறவர், அப்பணி முடிந்ததற்கான தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, காப்பீட்டுப் பாலிசி. இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனெனில் பாலிசித் தாளில் கூரை என்ற சொல்லே பல நேரம் இராது. பின்வருவனவற்றை எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள்: காரிலிருந்து கழற்றி வீட்டில் வைத்திருக்கும் பேனல் திருடுபோனாலோ உடைந்தாலோ இழப்பீடு உண்டா, ஒளி ஊடுருவும் பேனல் கண்ணாடிக்கான பிரிவில் சேருமா, சேராதா, கூரையின்றி நிறுத்திய காரிலிருந்து பொருள் திருடுபோனால், அல்லது மழை புகுந்து உட்புறம் கெட்டால், அதை உரிமையாளரின் கவனக்குறைவு என்று கழித்துவிடுவார்களா. தொலைபேசியில் சொல்லப்படும் ஆமாம்களுக்கு இழப்பீடு கோரும் நாளில் மதிப்பில்லை.

நான்காவது, பேனல் மாற்றப்பட்டிருந்தாலோ மறுபெயின்ட் செய்யப்பட்டிருந்தாலோ அதற்கான ரசீது. வேறொரு காரிலிருந்து எடுத்த பேனல் நிறத்தில் ஒத்துப்போகலாம். ஆனால் தாழ்ப்பாள்களும் விளிம்புகளும் அந்தந்தக் காருக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டிருக்கும் என்பதால், மறுசீரமைப்பு செய்யாமல் மாட்டினால் காற்றிரைச்சலும் நீர்க்கசிவும் வரும். ஆவணமாக இல்லாவிட்டாலும் இத்துடன் கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் சில: போல்ட் வகையானால் ஸ்பேனர், பேனலைப் பொதியும் துணிப்பை, டிக்கியில் அதைப் பிடித்து நிறுத்தும் பட்டைகள் அல்லது கொக்கிகள். விற்பனையாளர்கள் சாவியைக் கொடுத்த கையோடு இவற்றை மறந்துவிடுவது வழக்கம். பின்னர் தனியாகத் தேடும்போதுதான் அவற்றின் அருமை தெரியும்.

3. எதற்குச் செலவாகும் என்று முன்கூட்டியே அறியுங்கள்

விலை மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் தொகை சொல்வதில் பயனில்லை; செலவின் வரிசையைச் சொல்கிறேன். அடிக்கடி வருவது ரப்பர் பீடிங். கூரையைச் சுற்றிலும் கதவுக் கண்ணாடியின் மேல் விளிம்பிலும் ஓடும் இந்த ரப்பர் காய்ந்து சுருங்குவதுதான் இக்கார்களின் நீர்க்கசிவுக்கு முதற்காரணம். உற்பத்தி நிறுத்தப்பட்ட மாடல்களில் ஒரு முழுச் சுற்றுக்கான பீடிங் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அடுத்து தாழ்ப்பாள்களும் அவை அமரும் பிடிமானங்களும். மிகப் பெரிய செலவு பேனலே, அதிலும் கார்பன் இழை அல்லது ஒளி ஊடுருவும் வகை. கீறல் விழுந்த ஒளி ஊடுருவும் பேனலை மெருகேற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது.

ஆகவே வாங்குவதற்கு முன் விலை பேசுகிற இடம் இந்தக் கூரைதான். காரைச் சமதளத்தில் நிறுத்தி, பேனலை மாட்டி, மேலிருந்து மெல்லிய நீரோட்டத்தைச் சில நிமிடங்கள் விட்டுப் பாருங்கள். உள்ளே முன் கண்ணாடியின் மேல்மூலைகள், இருக்கை அடிப்பாகம், மிதியடிக்குக் கீழுள்ள கம்பளம் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். சோதனை ஓட்டத்தைப் பேனலுடன் ஒருமுறையும் பேனலின்றி ஒருமுறையும் கேளுங்கள். கழற்றிக் காட்ட விற்பவர் தயங்கினால் அதுவே ஒரு தகவல்தான்.

4. கழற்றுதல்

முதல் சில தடவை, காற்று வீசாத நேரத்தில், பகல் வெளிச்சத்தில், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பழகியவருக்குச் சில நிமிட வேலை. முதன்முறை செய்பவர் கால் மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்வது நல்லது.

தரை சமமாக இருக்க வேண்டும் என்பது இதில் மிக முக்கியமானது. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறி நின்றால் உடற்கூடு நுண்ணிய அளவில் முறுகும். அந்நிலையில் தாழ்ப்பாள் இறுகிப்போய்த் திறக்காது, கழற்றினாலும் திரும்பப் பொருந்தாது. இதே காரணத்தால் பேனல் கழற்றிய நிலையில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கவும் கூடாது. டயர் மாற்ற நேர்ந்தால் முதலில் பேனலை மாட்டிப் பூட்டுங்கள். பிறகு ஜாக்கியைத் தொடுங்கள்.

எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, இரு பக்கக் கதவுக் கண்ணாடிகளையும் முழுமையாக இறக்குங்கள். கண்ணாடியின் மேல் விளிம்பு பேனலின் பீடிங்கில் அழுந்தி நிற்பதால், இறக்காமல் தூக்கினால் பீடிங் கிழியும். சூரிய ஒளித் தடுப்புப் பலகைகளை மடக்கி வழிவிடச் செய்யுங்கள். பேனலை வைக்கப்போகும் இடத்தைத் தூக்குவதற்கு முன்பே காலி செய்து, டிக்கியைத் திறந்து வைத்துவிடுங்கள். பேனலை ஏந்திக்கொண்டு டிக்கியிலுள்ள பைகளை ஒதுக்க இயலாது. பின்னர் கையேடு சொல்லும் வரிசையில் தாழ்ப்பாள்களைத் திறந்து, பக்கத்துக்கு ஒருவராக நின்று, ஒரே சமயத்தில் செங்குத்தாகத் தூக்குங்கள். ஒரு பக்கம் முன்னதாக எழுந்தால் மறுபக்கத்தின் முனை பெயின்ட்டைக் கீறும். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட்டின் உலோகப் பூட்டு ஆகியவை கீறலுக்கு அடுத்த காரணங்கள். வெயிலில் நின்ற கார் என்றால் பேனல் கையைச் சுடும் என்பதால், சுத்தமான பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

5. பேனலை வைக்கும் இடம்

பெரும்பாலான கார்களில் இதற்கென்று ஓர் இடம் வகுக்கப்பட்டுள்ளது. போர்ஷே 914இல் பின் டிக்கியின் மூடிக்கு அடியிலும், ஃபியட் எக்ஸ்1/9இல் முன் டிக்கியிலும், ஃபெராரி 308 ஜிடிஎஸ்ஸில் இருக்கைகளுக்குப் பின்னாலும், ஹோண்டா என்எஸ்எக்ஸ்-டியில் எஞ்சினுக்கு மேலுள்ள பின் கண்ணாடிக்கு அடியிலும் பேனல் அமர்கிறது. அந்த இடத்தின் பிடிமானங்களில் அது சத்தத்துடன் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்து, கையால் அசைத்தும் பாருங்கள். திடீரென்று பிரேக் போடும்போது, கட்டப்படாத பேனல் முன்னோக்கிப் பாய்வது பயணிகளின் தலையை நோக்கித்தான்.

பெட்டிகள் வைத்த டிக்கியில் பேனல் புகாது என்பதும், பேனல் வைத்த டிக்கியில் பெட்டிகள் புகா என்பதும் வெளியூர்ப் பயணத்தில்தான் உறைக்கும். பேனலை வீட்டிலேயே விட்டுச் செல்லலாமா என்றால், வானிலையில் முழு நம்பிக்கை உள்ள குறுகிய பயணத்துக்கு மட்டும் என்பேன். அப்படி விடும்போது, வெளிப்புறம் தரையில் படாதவாறு, மெத்தென்ற விரிப்பின்மேல், பீடிங்கின் மீது எடை விழாத வகையில் கிடத்துங்கள். சுவரில் சாய்த்து நிறுத்திய பேனல் சரிந்து விழ ஒரு காற்று போதும்.

6. திறந்த கூரையுடன் ஓட்டுதல்

முதற்பயணம் குறைந்த வேகச் சாலையில், அரை மணி நேரத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். பயணிகள் அறையில் தளர்வாக உள்ள தாள், தொப்பி, பை, ரசீது அனைத்தையும் மூடிய அறைக்குள் வைத்துவிடுங்கள். பறந்து போகும் ஒரு தாளைப் பிடிக்கக் கை நீளும் அந்த ஒரு நொடியில் சாலையில் கண் இராது.

வேகம் கூடும்போது காதுக்குள் தப்தப்பென்று அடிக்கும் ஒரு துடிப்பை உணர்வீர்கள். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒலி எழுவதைப்போல, கூரைத் திறப்பின் மேல் விரையும் காற்று உள்ளிருக்கும் காற்றைச் சீராக அதிர வைப்பதால் வருவது அது. காரில் கோளாறு இல்லை. பக்கக் கண்ணாடிகளை ஏற்றினால் பக்கவாட்டுச் சுழல்காற்று குறையும். துடிப்பு தொடர்ந்தால் ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கிப் பாருங்கள், அந்தச் சீர் கலைந்துவிடும். முன் சட்டத்தில் எழுப்பி நிறுத்தும் காற்றுத் தடுப்பு உங்கள் மாடலுக்கு உண்டு என்றால், துணைப்பொருள்களில் முதலில் வாங்க வேண்டியது அதுவே.

இரைச்சலை இலேசாக எண்ண வேண்டாம். 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறைகிறது என்பதும் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் கணக்கு. அதன்படி 91 டெசிபலுக்கு 2 மணி நேரமே. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் செல்வதென்றால் பேனலை மாட்டிக்கொண்டு செல்வதே என் வழக்கம். கூரையைத் திறந்து செல்ல மலைப்பாதையும் கடற்கரைச் சாலையும் இருக்கின்றன. வெயிலைப் பொறுத்தவரை, ஓடும் காற்று சூட்டை உணரவிடாது என்பதே பொறி. நெற்றியும் காதின் மேல் விளிம்பும் தலை வகிடும் காய்ந்த பிறகுதான் தெரியும். தோலைக் காக்கும் களிம்பு, இறுக்கமான தொப்பி, குளிர்கண்ணாடி, குடிநீர் ஆகியவற்றைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

காரின் நடத்தையும் மாறும். மேடு பள்ளங்களில் முன் கண்ணாடிச் சட்டமும் திசைமாற்றியும் இலேசாக நடுங்குவதை உணரலாம். கூரை இல்லாத உடற்கூடு சற்றே நெகிழ்வதன் விளைவு அது. புதிய கார்களில் இது மிகக் குறைவு. வேக வரம்பு இருந்தால் அதைக் கண்டிப்பாக மதியுங்கள். புகாட்டி வேரோன் கிராண்ட் ஸ்போர்ட் கூரையுடன் மணிக்கு 407 கிலோமீட்டரும், கூரையின்றி 360 கிலோமீட்டரும் என்றே அறிவிக்கப்பட்டது. அத்தகைய காருக்கே கூரை இருப்பதும் இல்லாததும் இரண்டு வேறு கணக்குகள் என்பதைக் கவனியுங்கள். எஞ்சியவை எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் பொதுவானவை: வேகத்தடைகளைச் சாய்வாகக் கடந்து செல்லுங்கள், டயர்கள் சூடேறும் வரை பொறுமையாக ஓட்டுங்கள், ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடைக்கால டயர்கள் இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பதை மறவாதீர்கள், கார் சறுக்காமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைக்காதீர்கள்.

7. மழை வந்துவிட்டால்

வேகமாகச் சென்றால் மழைத்துளிகள் தலைக்கு மேலாகத் தாண்டிவிடும் என்று பலர் சொல்வார்கள். சமிக்ஞையில் நிற்கும் வரை அது ஓரளவு உண்மை. ஈரச் சாலையில் வேகத்தைக் கூட்டுவதற்கு அது காரணமாகாது. முதல் தூறலிலேயே பாதுகாப்பான ஓரிடம் தேடுங்கள். நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியிலும் சாலையோரத்திலும் நிறுத்தி மாட்ட முயல்வது, பின்னால் வரும் வாகனத்தின் முன் முதுகைக் காட்டி நிற்பதாகும். எரிபொருள் நிலையமோ வாகன நிறுத்துமிடமோ வரும் வரை நனைந்தாலும் பரவாயில்லை, இருக்கை உலரும்.

8. திரும்ப மாட்டுதல்

பீடிங்கிலும் அது அமரும் பள்ளத்திலும் மணல், இலை, பூச்சி எதுவும் இல்லாதபடி துடையுங்கள். கண்ணாடிகள் இறங்கியிருக்கட்டும். கையேட்டின்படி பேனலைப் பொருத்தி, எல்லாத் தாழ்ப்பாள்களையும் பூட்டுங்கள். அழுத்தித் தள்ளினால்தான் தாழ்ப்பாள் விழும் என்ற நிலை வந்தால் நிறுத்திவிட்டு, பேனலை எடுத்து மீண்டும் வையுங்கள். பிறகு உள்ளிருந்து உள்ளங்கையால் நான்கு மூலைகளையும் மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள்.

மேல்நோக்கித் தள்ளிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நகர வேகத்தில் பேனல் தன் எடையாலேயே அசையாமல் கிடக்கும். பாதி பூட்டிய தாழ்ப்பாளும் பூட்டியதுபோலத் தோன்றும். நெடுஞ்சாலை வேகத்தில் கூரையின் மேல் காற்றழுத்தம் குறைந்து, பேனல் மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. பறக்கும் பேனல் உங்களைக் காட்டிலும் பின்னால் வருபவருக்கே பேராபத்து. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு உள்ள மாடலிலும் கைச்சோதனையை விடாதீர்கள். வழியில் புதிதாக ஒரு சீழ்க்கை ஒலி எழுந்தால், ஓடும் காரில் தாழ்ப்பாளைத் தொடாமல், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

9. நிறுத்தும்போதும் பராமரிக்கும்போதும்

ஐந்து நிமிடத்துக்கு என்றாலும் கண்ணில் படும்படி எதையும் விட்டுச் செல்லாதீர்கள். உள் அசைவை உணரும் எச்சரிக்கை மணி உள்ள கார்களில், கூரையின்றி நிறுத்தும்போது காற்றோ பறவையோ அதை ஒலிக்கச் செய்யும். அந்த உணரியை மட்டும் அணைக்கும் வழியைக் கையேட்டில் பாருங்கள். பேனலை இரவு முழுவதும் கழற்றி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீண்ட நாள் காரை எடுக்கப்போவதில்லை என்றால் பேனலை மாட்டிப் பூட்டியே வையுங்கள்.

ஒளி ஊடுருவும் பேனல்கள் பல மாடல்களில் கண்ணாடியால் ஆனவை அல்ல. பாலிகார்பனேட், அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் தின்னரும் அவற்றை மங்கச் செய்யும். மிதமான சோப்பு நீர், ஏராளமான தண்ணீர், மென்மையான மைக்ரோஃபைபர் துணி ஆகியவை போதும். உலர்ந்த தூசியின்மேல் துணி போட்டுத் தேய்க்காதீர்கள். வாட்டர் சர்வீஸில் உயரழுத்த நீரைப் பேனல் விளிம்புக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பீடிங்குக்கு ஆண்டில் இரண்டு முறையாவது சிலிக்கான் அடிப்படையிலான கிரீஸை மிக மெல்லியதாகத் தடவி, மிகையைத் துடைத்துவிடுங்கள். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் இவ்வகை ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும். அதே நாளில் கூரைச் சட்டத்தின் மூலைகளில் உள்ள வடிகால் துளைகளில் சிறிது நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் காருக்கு அடியில் வடிய வேண்டும். வடியாமல் தேங்கினால், கூரான கம்பியால் குத்தாமல், வளையும் மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி அடைப்பை எடுங்கள்.

10. பந்தயத் தடத்துக்குப் போவதாக இருந்தால்

பதிவுக் கட்டணம் செலுத்தும் முன் அமைப்பாளரின் விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். பேனலை மாட்டிப் பூட்டிய நிலையில்தான் ஓட்ட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். சிலர் திறந்த கார்களுக்குக் கவிழ்வுத் தாங்கிக் கம்பியும், கை வெளியே வீசப்படாமல் தடுக்கும் பட்டைகளும் வேண்டும் என்கிறார்கள். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பின் வளைவைச் சிலர் போதுமானது என்று ஏற்பதில்லை. சாதாரணப் பாலிசிகள் பெரும்பாலும் தடத்தில் நேரும் விபத்தை ஏற்பதில்லை என்பதால் அன்றைய நாளுக்கான தனிக் காப்பீட்டையும், கிளம்பும் முன் தாழ்ப்பாள்களும் அவற்றின் திருகுகளும் இறுக்கமாக உள்ளன என்று பணிமனை எழுதித்தரும் தாளையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுச் சோதனைக்கு வாயிலில் வரிசை நிற்கும் என்பதால், குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.